மகள் 17-ஆம் நூற்றாண்டை ஆராயப் போகிறேன் என்கிறாள்

அன்புள்ள ஐயா,

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்கப்போகிற பெண், வேலைக்குப் போகாமல் 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஆராயப் போகிறேன், பல துறை சேர்ந்த ஆராய்ச்சி அது என்கிறாள், யாரோ மந்திரித்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தபால் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவர் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். சரி, ஒரு போஸ்ட்மாஸ்டரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1600-களின் கடைசியில் சிமோன் தெ பிரியென் என்று ஒரு போஸ்ட்மாஸ்டர் இருந்தார். அப்போதெல்லாம் தபால் கூலியைப் பெரும்பாலும் கடிதம் வாங்குபவர்தான் கொடுக்கவேண்டும், நம் பேரிங் தபால் மாதிரி. ஆள் இறந்துபோனார், ஊர் மாறிவிட்டார், வாங்க மறுத்தார் என்று தேங்கிய கடிதங்களை, என்றைக்காவது யாராவது காசு கொடுத்து வாங்கிப்போவார்கள் என்று அவரும் மனைவியும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தார்கள். உங்கள் டிபார்ட்மெண்டாக இருந்தால், சேராத கடிதங்களைக் கவனிக்கும் ஆர்.எல்.ஓ.வுக்குப் போயிருக்கும். சுமார் 2,600 கடிதங்கள். 1926-இல் பெட்டி அந்த ஊர் தபால் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் 577 தபால்கள் பிரிக்கப்படவே இல்லை.

அந்தக் காலத்தில் தனியாகக் கவர் கிடையாது. எழுதிய தாளையே மடித்து, செருகி, அரக்கு வைத்துவிடுவார்கள். பிரித்தால் மடிப்பு கெடும். எப்படி மடித்தார்கள் என்பதே ஆராய்ச்சிக்கு ஒரு சான்று என்பதால் பிரிக்க மனம் வரவில்லை. கடைசியில் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில், பல் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த எக்ஸ்ரே ஸ்கேனரில் கடிதத்தை வைத்தார்கள். பழைய மையில் இரும்பு இருந்ததால் எழுத்து தெரிந்தது. ஆனால் மடிப்புக்கு மேல் மடிப்பாக ஒரே குழப்பம். தாளைத் தொடாமல், திரையிலேயே மடிப்பு மடிப்பாக விரித்துக் கொடுத்தது ஒரு புரோகிராம். 2021-இல் முடிவு வெளியானது.

உள்ளே என்ன ரகசியம் என்கிறீர்களா? 1697 ஜூலை 31 அன்று ஜாக் செனாக் என்பவர் ஹேக்கில் இருந்த உறவுக்கார வியாபாரிக்கு எழுதியிருக்கிறார். டானியேல் லெ பெர்ஸ் இறந்ததற்குச் சான்று நகல் வேண்டும், சில வாரம் முன்பே கேட்டு எழுதினேனே என்று. டெத் சர்டிபிகேட்டுக்கு அலைகிற அலைச்சல் அப்போதும் இருந்திருக்கிறது!

இந்த வேலையில் பழந்தாள் பாதுகாப்பவர், ஆங்கில இலக்கியம் படித்தவர், வரலாற்றுக்காரர், இசை ஆய்வாளர், எக்ஸ்ரே நிபுணர், புரோகிராம் எழுதுபவர் எல்லாரும் இருந்தார்கள். உங்கள் மகள் சொல்கிற பல துறை சேர்ந்த ஆராய்ச்சி இதுதான். அதில் யாரும் எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்தவர் இல்லை, அவரவர் வேலையில் அவரவர் கெட்டி. அதனால் அவள் வரலாற்றுக்குப் போவது எனக்குக் கவலையாக இல்லை. கம்ப்யூட்டரை ஏறக்கட்டிவிட்டுப் போனால்தான் கவலை.

ஏன் என்று சொல்கிறேன். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியைக் கொண்டே படித்துத் தேடும்படி ஆக்கும் வேலை ஆம்ஸ்டர்டாமில் ஹைகன்ஸ் என்ற வரலாற்று ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் நடக்கிறது. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் போன கடிதங்களும் அதில் உண்டு. எழுத்தைக் கணினி படித்துவிடும். ஆனால் நம் ஊர்ப் பெயரையும் துணிப் பெயரையும் டச்சுக்காரர் தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார். பாலியகாட்டா என்றால் பழவேற்காடு என்று புரிய நம் பக்கத்து ஆள் வேண்டும். புரோகிராமும் தமிழும் சேர்ந்து தெரிந்தவர்கள் அங்கே வரிசைகட்டி நிற்கவில்லை.

இனி பணம். நெதர்லாந்தில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை, வழக்கமாக நான்கு வருடம். இடிப்பது அதற்கு முந்தைய எம்.ஏ.தான், வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் அதிகம். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனைக் கடன் வாங்கி அனுப்பச் சொன்னேன். பிரசுரத்தில் பல துறை, பல துறை என்று பளபளப்பாகப் போட்டிருந்ததில் நானும் மயங்கினேன். ஒரு வருடம் முடிந்து திரும்பியபோது பழைய கையெழுத்தில் ஒரு பக்கம்கூட அவனால் படிக்க முடியவில்லை. எந்த ஆய்வுக் குழுவும் எடுக்கவில்லை. அவன் அப்பா இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். அதில் என் தப்பும் உண்டு.

அதனால் இவள் முதலில் கேம்பஸில் கிடைக்கிற வேலையில் சேரட்டும். ஒரு வருடம், மாலை நேரத்தில் டச்சோ பிரெஞ்சோ படிக்கட்டும், கூடவே பழைய கையெழுத்தும். அப்புறம் விண்ணப்பிக்கும்போது இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இரண்டு துறைகளிலிருந்தும் வழிகாட்டி கிடைப்பார்களா, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மழுப்பினால் வேண்டாம். இங்கேயே வரலாற்றில் எம்.ஏ. படித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதாமாதம் 37,000 ரூபாய் (2023-இல் உயர்த்திய தொகை), அந்த வழியும் மட்டமில்லை.

பேராசிரியர் வேலை எங்கேயும் குறைவு, மறைக்கவில்லை. ஆவணக்காப்பகம், நூலகம், டிஜிட்டல் திட்டம் இவற்றில்தான் அவள் தேடவேண்டியிருக்கும். எதுவும் அமையாவிட்டாலும் புரோகிராம் கையில் இருக்கிறது.

அவளே படித்துப் பெயர்த்தெழுதிய ஒரு பக்கத்தை, மூலத்தின் படத்தோடு ஆறு மாதம் கழித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு பேங்க் லோன் பற்றிப் பேசுவோம். அதுவரை வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுக்காதீர்கள்.