வாராந்திர டாப் 40 வானொலி நிகழ்ச்சிகளில் பாட்டுக்கு முன்னால் ஏன் கதை சொல்கிறார்கள்?

நேயரை விளம்பர இடைவேளையிலும் நிலையம் மாற்றாமல் பிடித்து வைக்கத்தான். 1970 ஜூலையில் தொடங்கிய 'அமெரிக்கன் டாப் 40' இதற்கு நல்ல உதாரணம். 'பில்போர்டு' என்ற அமெரிக்க இசை இதழின் பட்டியலில் முதல் 40 இடம் பிடித்த பாடல்களை, தொகுப்பாளர் கேசி கேசம் கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டே வருவார். பாடகரின் பெயரை மறைத்து, அவர் பட்ட கஷ்டத்தையோ ஒரு விநோதத் தகவலையோ புதிராகப் போடுவார். விளம்பரம் முடிந்தபிறகுதான் விடை, அப்புறம் பாட்டு.

கலிஃபோர்னியாவின் ஓக்லந்து நகர வானொலியில் வேலை பார்த்தபோது, குப்பையில் கிடந்த ஒரு பாப் இசைக் கலைஞர் கையேட்டிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனையே வந்தது. எனக்கு இதில் பிடித்ததே, முப்பத்தெட்டாவது இடத்துப் பாடகருக்கும் ஒரு கதை கிடைத்ததுதான். 1978இலிருந்து நேயர் கடிதங்களையும் படித்து, தொலைவில் இருப்பவர்களுக்குப் பாடல்களைச் சமர்ப்பித்தார்.