மழை நாளில் கொடுத்த சாவி

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 22 வயது. போன வருடம் தனது பழைய மோட்டார் சைக்கிளை ஒருவருக்கு விற்றான். பெயர் மாற்றிக் கொடுக்கவில்லை. அந்த மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் எங்கேயோ ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பொலிஸில் இருந்து போன் எடுத்து வரச் சொன்னார்கள். லோயரைக் கூட்டிக்கொண்டு போ என்று நான் சொன்னேன். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் விடவில்லை. ‘களவெடுக்காதவன் லோயரோட போவானா? உள்ளதைச் சொல்லிப்போட்டு வா’ என்றார். தம்பி நாலு மணித்தியாலம் இருந்து வாக்குமூலம் கொடுத்து, ஒப்பமும் வைத்துவிட்டு வந்தான். இப்போது திரும்பக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் வாய் திறக்காமல் இருக்க உரிமை உண்டு, அதைப் பொலிஸே சொல்ல வேண்டும் என்கிறார்கள். இங்கே உண்டா? பேசாமல் இருந்தால் குற்றவாளி என்றுதானே நினைப்பார்கள்? நம் எழுத்தாளர்கள் ஏன் இதையெல்லாம் எழுதுவதில்லை? நல்ல லோயர் ஒருவரையும் சொல்ல முடியுமா?

ச.,
களுவாஞ்சிக்குடி

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தது நல்ல மழை நாளில். மாரி தொடங்கினால் எனக்கு ஒரு சாவியின் ஞாபகம் வந்துவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

லோயர் பிடித்துக் கொடுக்கும் வேலை நான் செய்வதில்லை. காசு கஷ்டம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஆணைக்குழு அது, மட்டக்களப்பிலேயே அலுவலகம் இருக்கிறது. எழுத்தாளர்கள் ஏன் எழுதுவதில்லை என்பது எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கிற வரி. விடுவோம்.

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். வீட்டு வளவுக்கு உறுதி எழுதியபோது நொத்தாரிசிடம் போனாரா இல்லையா? அப்போது யாராவது ‘களவுக் காணியோ, லோயர் வைத்து எழுதுகிறீர்’ என்று கேட்டார்களா? பத்துப் பேர்ச் மண்ணுக்கு லோயர் வைக்கலாம், பெற்ற பிள்ளைக்கு வைத்தால் மட்டும் மானம் போய்விடுமா? ஆனால் எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்கு எழும்பி நின்று பதில் சொல்பவனே நல்ல பிள்ளை என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். மகன் அந்தப் பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறான், நாலு மணித்தியாலம் எழும்பி நின்றிருக்கிறான். கோபம் உங்கள் மேல். இவ்வளவு தெரிந்த அண்ணன் தம்பியோடு வாசல் வரைக்குமாவது போயிருக்க வேண்டாமா? எனக்குக் கடிதம் எழுதக் கிடைத்த நேரம் அன்றைக்குக் கிடைக்கவில்லையா?

சரி, சட்டம். இங்கேயும் உண்டு, ஆனால் படத்தில் காட்டுகிற மாதிரி இல்லை. ‘நீ பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உனக்கு எதிராக வரும்’ என்ற அந்த வசனம் 1966 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிரண்டா வழக்கில் கொடுத்த தீர்ப்பால் வந்தது. நம்மூர்ப் பொலிஸ்காரர் அதை வாசித்துக் காட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். நமது 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, பொலிஸார் கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பதில் உங்களையே குற்றச்சாட்டுக்குள் இழுத்துவிடுமோ, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க முடியாது என்று 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் 25 ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. வெள்ளைக்காரனே பொலிஸ் கொப்பியை முழுக்க நம்பவில்லை! சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வந்து தன் கட்சிக்காரருக்காகப் பேச 2012 இல் விதிகளும் வந்தன. அதற்காக வாக்குமூலம் எழுதும் மேசையில் அவருக்கும் ஒரு கதிரை போடுவார்கள் என்று நம்பிப் போகவேண்டாம். அவர் வாசலில் நின்றாலே உள்ளே குரல் இறங்கும், அது போதும்.

இனிச் சாவி.

1996. எனக்கு 24 வயது. எழுவான்கரையில் ஒரு கூட்டுறவுக் கடையில் லிகிதராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இருப்பெடுத்தபோது கோதுமை மா 11 மூட்டை குறைந்தது. முறைப்பாடு போய், என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் காவலாளி அறுபது தாண்டியவர். பெத்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எல்லோரையும் ‘மனே’ என்பார், முகாமையாளரைக்கூட.

விசாரித்த சார்ஜன்ட் நல்ல மனுசன். அதுதான் பிரச்சினை. மேசையைத் தட்டியிருந்தால் நான் வாயைக் கட்டியிருப்பேன். அவர் பிளேன்ரீ எடுப்பித்துத் தந்தார். தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிள் பக்கத்தில் நின்றார். சாவி யாரிட்ட இருக்கும் என்று கேட்டார்கள். என்னட்டத்தான் என்றேன். கொன்ஸ்டபிள் சொன்னார், சார்ஜன்ட் எழுதினார். எழுதி முடித்தவர் பேனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி சும்மா இருந்தார். என்னைப் பார்க்கவும் இல்லை. பேனையின் நீல மூடி கடிபட்டுச் சப்பையாகிக் கிடந்தது. அரை நிமிடம் இருக்குமோ என்னவோ, என்னால் தாங்க முடியவில்லை. ரீ தந்த மனுசனுக்கு முன்னால் ஊமை மாதிரி இருப்பதா?

‘சில நாள் ராவில மழை பெய்தா பெத்தப்பாட்டக் குடுத்திட்டுப் போவன், உள்ளுக்குப் படுக்கட்டும் எண்டு’ என்றேன்.

கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில். அதைக் கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன். எனக்கு இரக்கம் உண்டு என்று சார்ஜன்டுக்கும் தெரியட்டுமே என்று.

சிங்களத்தில் முக்கால் பக்கம் வந்தது. எனக்கு அப்போது தெரிந்த சிங்களம் ‘ஹரி’, அதாவது ‘சரி’, என்ற ஒரு சொல். ‘அத்சன் கரன்ன’, ஒப்பம் வை, என்று விரலால் இடத்தைக் காட்டினார். ‘ஹரி’ என்று சொல்லி வைத்தேன்.

மூன்றாம் நாள் பெத்தப்பாவைக் கொண்டுபோனார்கள். 14 நாள் விளக்கமறியல். பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் பி அறிக்கையில் என் வாக்குமூலத்தில் இருந்து எடுத்த வரி ஒன்று இருந்தது. அவருக்காக வந்த சட்டத்தரணி எனக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்: ‘இரவில் களஞ்சியச் சாவி காவலாளியிடம் இருக்கும்.’ அவ்வளவுதான். ‘சில நாள்’ இல்லை. ‘மழை’ இல்லை. ‘உள்ளுக்குப் படுக்கட்டும்’ இல்லை. யாரும் பொய் எழுதவில்லை, தம்பி. கொன்ஸ்டபிள் சுருக்கிச் சொல்லியிருப்பார், சார்ஜன்ட் இன்னும் கொஞ்சம் சுருக்கி எழுதியிருப்பார். ஆனால் மழையை எடுத்துவிட்டால் அது வேறு வசனம்.

மூட்டைகள் பிறகு கிடைத்தன. லொறி வேறொரு கிளையில் இறக்கிவிட்டு எங்கள் பேரில் துண்டு எழுதியிருக்கிறது. பெத்தப்பா வெளியே வந்த அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். ‘நீ என்ன மனே பொய்யா சொன்னாய்? உள்ளதைத்தானே சொன்னாய்’ என்றார். உங்கள் அப்பாவின் அதே சொல். மறுகா, மழை நாளில் நான் சாவியை நீட்டினால் அவர் வாங்கமாட்டார். கடைத் திண்ணையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை குந்தியிருப்பார்.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்தது லோயர் இல்லை, ‘ஒப்பமும் வைத்துவிட்டு வந்தான்’ என்ற அந்த அரை வரி. என்ன மொழியில் இருந்தது அந்தத் தாள்? நீங்கள் எழுதவில்லை. கேட்கவும் இல்லை என்றே நினைக்கிறேன். எழுதியதை வாக்குமூலம் கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும், அந்த மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், அவர் திருத்தவும் கூட்டவும் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஒப்பம் கடைசி வரிக்கு ஒட்டிக் கீழேதான் வரவேண்டும், நடுவில் இடம் விடக்கூடாது. இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள், நாமோ விரல் காட்டிய இடத்தில் ‘ஹரி’ என்று வைக்கிறோம்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. சிங்கராசா வழக்கு. 1993 ஜூலையில் ஒரு விடியற்காலை ஊரையே சுற்றிவளைத்தபோது, வீட்டில் படுத்திருந்த இடத்தில் இருந்து, ஊரின் சுமார் 150 ஆண்களோடு சேர்த்துக் கொண்டுபோகப்பட்டவர். அவருக்குத் தெரிந்தது தமிழ். அவருடைய ஒப்புதல் என்று நீதிமன்றத்துக்கு வந்தது சிங்களத்தில் தட்டச்சான தாள், கீழே பெருவிரல் அடையாளம். மொழிபெயர்த்தது வெளியாள் இல்லை, பொலிஸ் கொன்ஸ்டபிள். சாதாரண வழக்காக இருந்தால் நான் மேலே சொன்ன 25 ஆம் பிரிவு அந்தத் தாளை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். ஆனால் இது பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. பயமுறுத்தி வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் கைதி. அந்த ஒரு தாளை வைத்து 50 வருடம். மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணை இல்லை என்றது. 2006 இல் நம் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்து இங்கே செல்லாது என்றது. உங்கள் தம்பியின் விஷயம் அந்தச் சட்டத்தில் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத தாளில் விரல் வைப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் கொழும்பில் தேடவேண்டாம், செங்கலடிப் பக்கம் கேட்டாலே சொல்வார்கள்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டீர்களே, அங்கேயும் ஒரு கதை இருக்கிறது. தொம்ப்கின்ஸ் என்பவர் கொலைச் சந்தேகத்தில் பிடிபட்டு, கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் பெரும்பாலும் வாய் திறக்காமல் இருந்தார். கடைசியில் அதிகாரி கடவுளைப் பற்றிக் கேட்டார். ‘அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிக்கச் சொல்லிக் கடவுளிடம் மன்றாடுகிறாயா?’ ‘ஓம்’ என்றார். அந்த ‘ஓம்’ சாட்சியானது. பேசாமல் இருக்கப் போகிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆகவே அந்த உரிமையை அவர் கேட்டதாகக் கொள்ள முடியாது என்று 2010 இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. வாசித்தபோது சிரிப்பு வந்தது. பேசாமல் இருப்பதற்கும் பேச வேண்டியிருக்கிறது! ஆனால் அந்த மனுசனை எனக்கு நன்றாக விளங்கியது. மூன்று மணித்தியாலம் தாங்கியவர், மரியாதையான கேள்வி ஒன்று வந்ததும் விழுந்துவிட்டார். எனக்கு ஒரு பிளேன்ரீ போதுமாக இருந்தது.

ஆகவே தம்பியிடம் முறைத்துக்கொண்டு இருக்கச் சொல்லவேண்டாம். பெயர், விலாசம், அடையாள அட்டை கொடுக்கட்டும். மோட்டார் சைக்கிள் விற்ற கடதாசி இருந்தால் அதன் பிரதியைக் கொடுக்கட்டும், மூலப் பிரதி வீட்டில் இருக்கட்டும். ‘மிச்சத்தை என்ட சட்டத்தரணியோட கதைச்சிட்டுச் சொல்றன், சேர்’ என்று மரியாதையாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு பேனை மேலே நின்றால் நிற்கட்டும், அந்த இடைவெளியை நிரப்புவது அவன் வேலை இல்லை. ஒப்பம் என்று வந்தால் தமிழில் வாசிக்கச் சொல்லட்டும். 13 ஆம் திருத்தம் வந்த 1987 இல் இருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, அதைக் கேட்பது சண்டித்தனம் இல்லை. பேசாமல் இருந்தால் குற்றவாளி என்று நினைப்பார்களா என்றால், நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நினைத்ததை பி அறிக்கையில் சாட்சியாக எழுத முடியாது.

அப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அந்த வளவின் உறுதியை எடுத்து அவருக்கு முன்னால் வையுங்கள், போதும்.

முதலில் ஒப்பம் வைத்த தாள் எந்த மொழியில் இருந்தது என்று இன்றைக்கே தம்பியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். திரும்ப எந்த நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும். கடிதத்தில் அதைப் போடாமல் விட்டுவிட்டீர்கள்.