வருமானம் ஏறுவதும் இறங்குவதும்: அமெரிக்கக் கணக்குகளை வைத்துக் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் வருமான வரிசையின் கடைசி 20 சதவீதத்தில் எப்போதும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்களா சார்?

இல்லை. அந்தக் கூட்டத்தில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் இருப்பார், போன மாதம் வேலை போனவர் இருப்பார், முப்பது வருடமாகக் குறைந்த கூலிக்கே உழைப்பவரும் இருப்பார். ஒரு வருடக் கணக்கில் மூவரும் ஒன்றுதான். பிரித்தறிய அதே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் ஏறக்குறைய 5,000 குடும்பங்களோடு தொடங்கிய ஆய்வு அதைத்தான் செய்கிறது. இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் வரை வந்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் எல்லாரும் மாறி மாறி மேலே வருவார்கள், ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கவலை வேண்டாம் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே மாட்டேன். இந்த வாதம் அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோப்சுக், சயேஸ், சாங் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்பில் 1937 முதல் பதிவான சம்பளக் கணக்குகளை எடுத்து, ஒரு வருடச் சம்பளத்தையும் பல வருடச் சராசரியையும் ஒப்பிட்டார்கள். வருமான வரிசையில் ஆட்கள் இடம் மாறுவது அதிகரித்திருந்தால், 1970களுக்குப் பின் வருடக் கணக்கில் இடைவெளி கூடினாலும் சராசரியில் அவ்வளவு கூடியிருக்காது. ஆனால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே கூடின. அதாவது, பின்தங்கியவர் பெரும்பாலும் பின்தங்கியே இருந்தார். பெண்கள் நிலைமை மட்டும் வேறு. அவர்கள் மேலே ஏறியது அதிகரித்தது. ஆண்களுக்கு அப்படி நடக்கவில்லை.

கேள்வி: வேலை போனால், வேறு வேலை கிடைத்ததும் பழைய சம்பளத்துக்கு வந்துவிடலாம்தானே?

பலருக்கு அது நடப்பதில்லை. 1980களில் பென்சில்வேனியாவில் நொடித்த நிறுவனங்களில் வேலை இழந்த அனுபவசாலிகள், பல வருடம் கழித்தும் சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே சம்பாதித்தார்கள். அந்த ஆலைக்கென்றே கற்ற திறமைக்கு வெளியே விலையில்லை.

கேள்வி: சிலரது வருமானம் மட்டும் ஏன் அவ்வளவு உயரம் போகிறது?

ஒரு காரணம், உயர்வு சதவீதத்தில் வருவது. 40,000 டாலர்காரருக்கு 10 சதவீதம் என்றால் 4,000; 4 லட்சத்துக்கு 40,000. பிரெஞ்சுப் பொறியாளர் ழிப்ரா 1931இல் இதைக் கணக்காக்கினார். இது மட்டுமே நடந்தால் இடைவெளி நிற்காமல் விரியும். மூத்தவர்கள் ஓய்வு பெறுவதும் புதியவர்கள் கீழிருந்து தொடங்குவதும் அதைத் தடுக்கின்றன.

கேள்வி: பிள்ளைகள் வருமானத்தில் பெற்றோரை மிஞ்சுகிறார்களா?

1940இல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் மிஞ்சினார்கள். 1980களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டி குழுவினரின் கணக்குப்படி, பழைய வேக வளர்ச்சி மட்டும் திரும்பினால் அது 62 சதவீதமாகும். இப்போதைய வளர்ச்சியையே பணக்காரர், ஏழை எல்லாருக்கும் அன்றைய விகிதத்தில் பங்கிட்டிருந்தால் 80 சதவீதம்.