நானோவ எங்க இருந்து பிரிக்கிறது?

அண்ணே வணக்கம், கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில ப்ளானிங்ல இருக்கேன். ஜெயிச்ச கம்பெனி கதையா படிச்சு சலிச்சுப்போச்சு, வேலை எப்படி நடந்துச்சுன்னு எதுலயுமே இல்ல. தோத்துப்போன ப்ராடக்ட்ட பிரிச்சு பாத்தா ஏதாவது பிடிபடுமா? எதுல ஆரம்பிக்க?
- ஒரு வாசகர்

தம்பி, தாராளமா பாருங்க, டாடா நானோல ஆரம்பிங்க. ஆனா "சீப் கார்னு பேர் ஆயிடுச்சு, அதான் வாங்கல"ன்னு ஒரே வரில முடிச்சுடாதீங்க, அத ரத்தன் டாடாவே பின்னால ஒத்துக்கிட்டாரு.

செலவ கூட்டி அதுக்கு மேல லாபம் வச்சு வெல போடுறதுதான் நம்மூர் வழக்கம். இங்க 1 லட்சம்னு வெலய முதல்ல வச்சுட்டு, அதுக்குள்ள அடங்குற மாதிரி செலவ கொறச்சுட்டு வந்தாங்க, அதனால வீலுக்கு மூணே நட்டு, ஒத்த வைப்பர், பின்னாடி 624 சிசி ரெண்டு சிலிண்டர் இஞ்சின், டிக்கி வெளிய இருந்து தெறக்காது சீட்ட மடக்கித்தான் பைய வைக்கணும் (தெறக்குற டிக்கி 2015லதான் வந்துச்சு). டிசைன் ஆளுங்க கேட்டத குடுத்துட்டாங்க, என்னைக் கேட்டா அவங்க பாஸ்.

இப்ப தேதிய மட்டும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. 2008 ஜனவரி டெல்லில வண்டிய காட்டுறாங்க. ஆலை கட்டிட்டிருந்த மேற்கு வங்கம் சிங்கூர்ல நிலப் போராட்டம், அக்டோபர்ல மூட்டை கட்டிட்டு குஜராத் சானந்த் போறாங்க, பக்கத்துலயே எடம் பாத்திருந்த உதிரிபாகக்காரங்களும் சேந்து கெளம்பணும். 2009 ஏப்ரல்ல புக்கிங் 2 லட்சத்த தாண்டுது, குலுக்கல் போட்டு 1 லட்சம் பேருக்கு ஒதுக்குறாங்க. சானந்த் ஆலை தெறந்தது 2010 ஜூன், அதுவரைக்கும் உத்தரகாண்ட் பந்த்நகர்ல இருந்த டாடா ஆலைல கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு ஓட்டுனாங்க. ஆள் வரிசைல நின்னப்ப வண்டி இல்ல, வருஷத்துக்கு 2.5 லட்சம் வண்டி செய்ற ஆலை ரெடியானப்ப வண்டி தீப்பிடிச்ச நியூஸ் ஓடிட்டிருக்கு, சூடு ஆறிப்போச்சு. நல்லா வித்த 2011-12லயே சுமார் 74,500 தான், ஆலை தெம்புல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. ஒரு வண்டில கெடைக்கிற காசு கம்மி, எண்ணிக்கைல பிடிக்கலாம்னுதான் கணக்கு, லைன் சும்மா கெடந்தா அந்த கணக்கே காலி. 2018 ஜூன்ல செஞ்சது ஒரே ஒரு வண்டி.

உங்க கம்பெனிலயும் நின்னுபோன மாடல் ஒண்ணாவது இருக்கும்ல, அதோட ஆர்டர் ரிஜிஸ்டரையும் டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஸ்டோர்ஸ்ல பழைய ஆள் யாராவது இருந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்து பேச்சு குடுங்க, மார்க்கெட்டிங் பக்கம் அப்புறமா போய்க்கலாம்.