பதில்: மூன்று மன்றம், ஒரே படிப்பகம், யார் பெயரில்?

தம்பி, ஊரில் இருக்கும் மூன்று இளைஞர் மன்றங்களும் சேர்ந்து குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பகம் நடத்தலாம் என்று முடிவெடுத்து, பெயர்ப்பலகையில் வந்து முட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரிலும் இதே கதைதான். ஃபிளெக்ஸில் யார் பெயர் மேலே என்பதிலேயே இரண்டு மாதம் போச்சு. கடைசியில் "ஊர்ப் படிப்பகம்" என்று சுண்ணாம்பில் சுவரிலேயே எழுதிவிட்டோம், சண்டை தீர்ந்தது.

மன்றங்களை இணைக்கவே வேண்டாம். கபடிக் குழு கபடிக் குழுவாகவே இருக்கட்டும். மன்றத்துக்கு இரண்டு பேர் வைத்து ஒரு குழு போதும். பணம்தான் ஆபத்து. 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான மன்றம் மூன்றில் எது இருக்கிறதோ, அதன் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, காசோலைக்கு இரண்டு கையெழுத்து வையுங்கள். ஒன்றுமே பதிவாகவில்லையா? ஏழு பேர் இருந்தால் பதியலாம்.

கட்டடத்துக்கு ஊராட்சித் தலைவரிடம் வாய்மொழி அனுமதி மட்டும் வாங்காதீர்கள், ஆள் மாறினால் பூட்டும் மாறும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாளில் மனு கொடுத்துத் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம், பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்களே அடிப்படை. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் முதல் மாதம் முழுக்கத் தமிழ்தான். உங்கள் மூன்று மன்றத்தில் தமிழ் படித்தவர் யாராவது இருக்கிறாரா?