சென்னை 2046: கோடு முந்தியா, குழாய் முந்தியா?

சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026-இல் முடிகிறது. அடுத்தது 2046 வரைக்குமானது. இதையொட்டி வந்த வாசகர் கேள்விகளுக்கு நகரமைப்புத் துறையில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

மாஸ்டர் பிளானில் அப்படி என்னதான் இருக்கிறது? (பூந்தமல்லி வாசகர்)

எந்தப் புல எண்ணில் வீடு வரலாம், எதில் தொழிற்சாலை, எது விவசாயம், எது நீர்நிலை என்று சொல்லும் வரைபடமும், அதற்கான விதிகளும். முதல் பிளான் 1975-இலும், இரண்டாவது 2008-இலும் வந்தன. 1,189 சதுர கி.மீ.யாக இருந்த பெருநகர எல்லை 2022-இல் 5,904 சதுர கி.மீ. ஆக விரிக்கப்பட்டது. வரைபடத்தில் கோடு போடுவது சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். குழாய் போடுவது குடிநீர் வாரியம், வடிகால் வெட்டுவது மாநகராட்சி, ரயில் விடுவது மெட்ரோ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பட்ஜெட். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கிடைத்துப் பத்து வருடம் கழித்துப் பாதாளச் சாக்கடை வருவது இதனால்தான். புதிய பிளானில் வண்ணப் படங்களைவிட, எந்தப் பகுதியில் எந்த வருடம் எந்தக் குழாய், யார் பணம் என்ற அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள்.

புது மழைநீர் வடிகால் கட்டிய பிறகும் தெருவில் முழங்கால் தண்ணீர். ஏன்? (வேளச்சேரி வாசகி)

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேரில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர். வெறும் மண்ணாக இருந்தால் சுமார் 30 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம் லிட்டர் தெருவுக்கு வரும். மாடியும் சிமென்ட் தரையுமாக மூடிவிட்டால் சுமார் 90 சதவீதம்: நாலரை லட்சம். மழையின் அளவு கூடவில்லை, ஆனால் வடிகாலுக்கு வரும் தண்ணீர் மூன்று மடங்கு. பாதி காலி மனையாக இருந்தபோது போட்ட அளவு இன்றைக்கு எப்படிப் போதும்?

அடுத்தது, தண்ணீர் போய்ச் சேரும் இடம். உங்கள் பகுதித் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போய், ஒக்கியம் மடுவைத் தாண்டி, பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். தரையோ தட்டை. கடலில் ஓதம் (அலையேற்றம்) ஏறிக் கால்வாய் மட்டம் உயர்ந்தால், வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தண்ணீர் நின்றுதான் போகும். அந்தச் சில மணி நேரம் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும் தொட்டிதான் சதுப்பு நிலம். 2022-இல் ராம்சர் தகுதி (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர கி.மீ.; அதில் மட்டம் 30 செ.மீ. உயர்ந்தால் சுமார் 370 கோடி லிட்டர் அடங்கும். அதே அளவுக்குத் தொட்டி கட்ட எந்த மாநகராட்சியிடமும் இடம் கிடையாது. ஆகவே அங்கே கொட்டப்படும் ஒவ்வொரு லாரி மண்ணும் உங்கள் வாசலில் ஏறும் தண்ணீர்தான்.

இன்னொன்றும் உண்டு, சின்ன விஷயம்போலத் தெரியும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுச் சாலை போட்டால், நாலைந்து முறையில் வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். பழைய தாரைச் சுரண்டப் போகிறாரா என்று ஒப்பந்தக்காரர் வரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டியது நல்லதா, கெட்டதா? (அம்பத்தூர் வாசகர்)

எஃப்.எஸ்.ஐ. என்பது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு (எல்லாத் தளமும் சேர்த்து) கட்டலாம் என்ற அளவு. 2019 விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு இதை 1.5-இலிருந்து 2 ஆக்கின. ஒரு ஹெக்டேர் மனைக்குக் கூடுதலாக 5,000 சதுர மீட்டர் கட்டடம். வீட்டுக்கு 100 சதுர மீட்டர், நாலு பேர் என்றால் 50 வீடு, 200 பேர். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் தினமும் 27,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் 80 சதவீதம், 21,600 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். காலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் பெரும்பகுதி வந்து இறங்கும்போது பழைய குழாய் திணறி, மேன்ஹோல் பொங்கும். யாராவது ராத்திரியோடு ராத்திரியாக அதை மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுவார்கள். வடிகாலில் சேறு சேர்ந்து, ஐப்பசி மழைக்கு அடைத்துக்கொள்ளும்.

மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கூட்டலாம், கூட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் நகரம் ஏரிகளை நோக்கிப் பரவும். ஆனால் குழாயை மாற்றிய பிறகுதான்.

கழிவுநீரைச் சுத்திகரித்து என்ன செய்கிறார்கள்? (மாதவரம் வாசகி)

கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையங்கள் 2019 முதல் ஆலைகளுக்குத் தண்ணீர் தருகின்றன. இரண்டும் முழுத் திறனில் ஓடினால், மேலே சொன்ன 135 லிட்டர் கணக்கில், ஆறரை லட்சம் பேரின் குடிநீர் மிச்சம். கடல்நீரைக் குடிநீராக்க ஆகும் மின்சாரத்தைவிட இதற்குக் குறைவு.

ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கலாமா? (குன்றத்தூர் வாசகர்)

பத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ‘அ’ பதிவேட்டில் (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) அந்தப் புல எண் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று பாருங்கள். கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (ஒவ்வொரு புல எண்ணின் அளவுப் படம்) பக்கத்தில் வைத்து, ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து கிளம்பும் போக்குக்கால்வாய் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். கோடு திடீரென ஒரு மனைப்பிரிவுக்குள் நுழைந்து காணாமல் போனால், வேறு மனை தேடுங்கள். மதகுக்குக் கீழே இருந்த பழைய நஞ்சை என்றால், ஏரித் தண்ணீர் பாயும்படி அமைந்த நிலம் அது. மண் கொட்டி உயர்த்தினால் உங்களுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் மிதப்பார். மனையைப் பார்க்க மே மாதத்தில் போகாதீர்கள், நவம்பரில் போங்கள்.