சிறு தொழில் செய்பவர்கள் யூடியூபில் காணொளி போட்டால் உண்மையிலேயே விற்பனை கூடுமா?

கூடும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், பார்வைகளின் எண்ணிக்கை ஏறினால் விற்பனையும் தானாக ஏறும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் அனுபவத்தில் அந்தக் கணக்கு பொருந்தவில்லை.

நாங்கள் பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர்கள். இதை விளம்பரம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, ரீல்ஸும் ஷார்ட்ஸும் பரவிய காலத்தில், பாட்டு சேர்த்து நாங்கள் போட்ட குறுங்காணொளிகளைப் பலர் பார்த்தார்கள். விலை கேட்டவர்கள் மிகச் சிலர். என் மாமனாரும் அவருடைய பங்காளியும் குழிக்குள் காலை வைத்து மிதிக்கும் குழித்தறியில் அருகருகே அமர்ந்து, ஒருவர் விடும் நாடாவை (ஊடு நூலைக் கொண்டு செல்லும் கருவி) மற்றவர் வாங்கி, அகலமான ஜமக்காளத்தை நெய்வதைத் தறிச் சத்தத்தோடு நீளமாக எடுத்துப் போட்டோம். அதைப் பார்த்தவர்கள் குறைவுதான். ஆனால் கோயில் கமிட்டியாரும், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களும், எத்தனை அடி அகலம் வரை கிடைக்கும் என்று கேட்டு அழைத்தது அதைப் பார்த்துத்தான்.

வாங்க வருகிறவர் மனத்தில் இருக்கும் கேள்விக்குக் காணொளி பதில் சொல்ல வேண்டும். எங்களிடம் எல்லோரும் கேட்பது, சாயம் போகுமா என்பதைத்தான். ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, அந்தத் துணியைக் கேமரா முன் விரித்துக் காட்டினோம். அதன் பிறகு அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உங்கள் தொழில் மரச்செக்கு எண்ணெயாக இருந்தாலும் வெண்ணெயாக இருந்தாலும் இப்படி ஒரு கேள்வி நிச்சயம் இருக்கும்.

என்னை மிகவும் வருத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தறிக் காணொளியை வெட்டி எடுத்து, வெளியூர் வியாபாரி ஒருவர் விசைத்தறி விரிப்புகளைப் பவானி ஜமக்காளம் என்று விற்றார். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரை அது உருவாகும் ஊரோடு சேர்த்துக் காக்கும் சட்டப் பதிவு, இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது. அப்படியிருந்தும், நாள் முழுவதும் மிதி மிதித்து நெய்கிறவரின் கைகளைக் காட்டி இயந்திரச் சரக்கை விற்க ஒருவருக்கு மனம் வருகிறது. இது வெறும் பொறாமை என்று சிலர் சொல்லக்கூடும். ஏமாறுகிறவர் வாடிக்கையாளர், கெட்டுப்போவது ஊர்ப் பெயர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

யூடியூபில் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. மூலக் காணொளியின் இணைப்பைக் கொடுத்துப் புகார் செய்யலாம். 90 நாட்களுக்குள் மூன்று எச்சரிக்கைகள் சேர்ந்தால் அந்தச் சேனலையே நீக்கிவிடலாம் என்பது அவர்களுடைய விதி. ஆனால் வாட்ஸ்அப்பில் கைமாறும் துண்டுகளுக்கு அந்த வழி பயன்படாது. அதனால் இப்போது மாமனார் நெய்துகொண்டே தம் பெயரையும் ஊரையும் சொல்கிறார். அந்தப் பேச்சை நீக்கினால் தறிச் சத்தமும் சேர்ந்து போய்விடும்.

கேமரா வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம், கைப்பேசியே போதும். விலையையும் கூரியர் செலவு யாருடையது என்பதையும் விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள். குறிப்பை விரித்துப் பார்த்தால்தான் மீதி முழுவதும் தெரியும்.